லாங்கன்தாலில் காணாமல் போன இனிப்பு

அத்தியாயம் ஆறு

எம்மன்புரூக்கேயில் இருந்து லாங்கன்தால் ஐம்பது கிலோமீட்டர். அந்த ஐம்பதிலும் பனிமூட்டம். வழியில் இரண்டு தரம் பத்மநாதன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்து, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டார். துப்பறிகிறவருக்கு மூக்கு முக்கியம்.

"அண்ணை, ரோட்டு தெரியேல்லை," என்றாள் காரை ஓட்டிக்கொண்டிருந்த சுலோஜனா.

"முன்னால போறவன்ர சிவப்பு லைட்டைப் பிடிச்சுக்கொண்டு போ."

"அவன் தன்ர வீட்டுக் கராச்சுக்குள்ள போனால்?"

"அவனையும் விசாரிப்பம்."

பத்மநாதனுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தொரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் திருகாணிகளைச் சரிபார்த்தவர். பென்ஷன் வந்ததும் சரிபார்க்கத் திருகாணி இல்லாமல் மனிதர்களைச் சரிபார்க்கத் தொடங்கினார். கோயில் மடைப்பள்ளியில் காணாமல் போன நாற்பது கரண்டிகளை ஒரே பின்னேரத்தில் கண்டுபிடித்தவர் என்று சுவிஸ் முழுக்கப் பேச்சு. உண்மையில் கரண்டி நாலு. அதைப் பத்து மடங்காக்கியது அவரேதான்.

சுலோஜனா ஐம்பத்தொன்பது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, அவர்கள் கிறுக்கி வைத்திருக்கும் கடைச் சீட்டை வாசித்துச் சாமான் வாங்கிக் கொடுப்பது அவளுடைய வேலை. சனிக்கிழமை லீவு. பிள்ளைகள் ஆளுக்கொரு நகரத்தில். லீவு நாளில் அவளுடைய வீட்டுச் சுவர் மணிக்கூடு போடுகிற சத்தம் பக்கத்துக் கிராமத்துக்குக் கேட்கும். அதனால்தான் சம்பளம் இல்லாத இந்த உதவியாளர் வேலை. பகிடி விட மட்டும் முழு அனுமதி.

"மனோகரி அக்கா மகள் வீட்டால, ரெனானால இருந்து எப்ப வாறா?"

"மகளின்ர பிள்ளை நடக்கத் தொடங்கினாப் பிறகாம்."

"ஃபோன் எடுத்தவவோ?"

பத்மநாதன் கண்ணாடியைத் துடைத்தார். மனைவி மனோகரி கடைசியாகப் பேசி ஒன்பது நாள். யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு போட்டி. போட்டி நடக்கிறது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"வழக்கைப் பாப்பம்," என்றார்.

வழக்கு இதுதான். பாலச்சந்திரன் என்றொருவர், வயது ஐம்பத்தேழு, லாங்கன்தாலில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்து ஆறு வருஷம். மகள் அக்‌ஷயா சூரிச்சில் பெரிய வேலை; ஞாயிறு தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்புவாள். அந்த மனிதருக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது ரூடி என்ற கீழ்வீட்டுக் கிழவர் ஒருவர்தான். பதினொரு வருஷம், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு பேரும் கட்டிடத்தின் நிலவறையில், எல்லோரும் உடுப்புத் தோய்க்கிற அறையில், பியர் காய்ச்சினார்கள். போன பங்குனியில் ரூடி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். காய்ச்சுகிற பெரிய பாத்திரமான கிடாரத்தையும், பார்லி உடைக்கிற மெஷினையும், எழுதி வைத்த கொப்பியையும் பாலச்சந்திரனிடம் கொடுத்துவிட்டு.

அன்றிலிருந்து பியர் பியராக இல்லை. தண்ணீர்.

பாலச்சந்திரன் வாசலிலேயே நின்றார். மெலிந்த ஆள். வேலைக்குப் போகிற மாதிரி ஷேர்ட்டை உள்ளே விட்டிருந்தார். வீட்டுக்கு ஆட்கள் வந்து எத்தனை நாளோ, மூன்று கோப்பைத் தேத்தண்ணிக்குப் பதின்மூன்று வகைப் பிஸ்கட் வைத்திருந்தார்.

"அண்ணை, களவு நடக்குது," என்றார்.

"என்ன களவு போச்சுது?"

"இனிப்பு."

சுலோஜனா பிஸ்கட்டை வாயருகில் நிறுத்தினாள். "சீனியோ?"

"இல்லை அக்கா. முளைக்கவிட்டுக் காயவைச்ச பார்லி இருக்கல்லோ, மோல்ட்? அதை உடைச்சு, அறுபத்தேழு டிகிரித் தண்ணிக்குள்ள ஒரு மணித்தியாலம் வைச்சால் அதின்ர மா முழுக்க இனிப்பா மாறும். அந்த இனிப்புத் தண்ணியிலதான் பியர் வரும். இந்தக் கண்ணாடி மிதவையை உள்ள விட்டால் எவ்வளவு இனிப்பெண்டு காட்டும். ரூடியோட காய்ச்சேக்க ஆயிரத்து ஐம்பது. ஒருநாளும் பிசகினதில்லை. நான் தனியக் காய்ச்சின ஆறு தரமும் ஆயிரத்து முப்பத்திரண்டு. அதே பார்லி, அதே கிடாரம், அதே தண்ணி."

"ஆரைச் சந்தேகப்படுறீர்?"

பாலச்சந்திரன் குரலைத் தாழ்த்தினார். "மேல்வீட்டு அம்மா, ஃபிராவ் கெர்பர். மணம் வருதெண்டு எழுதிக் கதவில துண்டுக் கடதாசி ஒட்டுற ஆள். அவவிட்டத் தோய்க்கிற அறைக் கதவைத் திறக்கிற திறப்பு இருக்கு. நான் மேல வந்த நேரம் பாத்துத் தண்ணி ஊத்திறாவோ தெரியேல்லை."

"வேற?"

அவர் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். "வேற... ரூடிதான்."

"ரூடி முதியோர் இல்லத்தில எல்லோ இருக்கிறார்?"

"ஓம். ஆனால் அவரிட்ட ஒரு ரகசியம் இருந்தது அண்ணை. முதல் தரம் மட்டும்தான் தொடக்கத்திலயிருந்து ரெண்டு பேரும் ஒண்டாச் செய்தது. அடுத்த தரத்திலயிருந்து எனக்கு விடிய ஏழு மணி, அவர் ஆறு மணிக்கே இறங்கிடுவார். நான் போகேக்க பார்லி கிடாரத்துக்குள்ள இருக்கும். அந்த ஒரு மணித்தியாலம் என்ன போட்டார், என்ன செய்தார், பதினொரு வருசம் எனக்குச் சொல்லேல்லை. நம்பேல்லை என்னை."

"கேக்கலாமே."

"மூண்டு கிழமைக்கு முதல் என்ர பியர் ஒரு போத்தல் கொண்டுபோய்க் குடுத்தனான். ஒரு வாய் குடிச்சார். 'இது நம்முடையது இல்லை' எண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிட்டார். அதுக்குப் பிறகு ஃபோன் எடுக்கிறேல்லை." மிதவையைத் துணியால் துடைத்தார், ஏற்கெனவே காய்ந்திருந்ததை. "அண்ணை, அந்தக் கிழவன் எனக்கு... எனக்குச் சனிக்கிழமை எண்டு ஒண்டு இருந்ததே அவராலதான்."

பத்மநாதன் எழுந்தார். "ஒண்டும் மறைக்காமல், ஒண்டும் கூட்டாமல், வழமையாச் செய்யிற மாதிரி எங்கட கண்ணுக்கு முன்னால காய்ச்சும்."

நிலவறைக்குப் போனார்கள். இரண்டு தோய்க்கிற மெஷின், சுவரில் யார் எந்த நாள் என்ற அட்டவணை, மூலையில் பைப் பூட்டிய கிடாரம். பத்மநாதன் நாற்காலியை அறையின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஈ உள்ளே வந்திருந்தால் அதற்கும் அடையாள அட்டை கேட்டிருப்பார். கதவடியில் சுலோஜனா, கையில் பிஸ்கட் தட்டுடன் காவல்.

பாலச்சந்திரன் ஐந்து கிலோ பார்லியை நிறுத்தார். மெஷினில் போட்டு உடைத்தார். பெரிய வாளிக்குள் கொட்டிக் கழுவினார். கிடாரத்துத் தண்ணீரைச் சூடாக்கினார்.

"இன்னும் பால் மாதிரித்தான் வருது தம்பி, இன்னொருக்கா அலசும்," என்றாள் சுலோஜனா.

"வழமையா நாலு தரம் அக்கா. தெளிஞ்சாப் பிறகுதான் போடுறது."

'துப்புரவான ஆள்,' என்று பத்மநாதன் தன் கொப்பியில் எழுதினார்.

பிறகு தொடங்கியது சோதனை. வெப்பமானியைக் கொதிதண்ணீரில் விட்டார்: தொண்ணூற்றெட்டரை, லாங்கன்தால் உயரத்துக்கு அது சரி. மிதவையைப் பச்சைத் தண்ணீரில் விட்டார்: ஆயிரம், சரி. தரையில் சிந்தியிருந்த பார்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தார்: நன்றாக உடைந்திருக்கிறது, சரி. முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு கோடித் திருகாணி பார்த்த கண். அதற்கு ஒரு குறையும் பிடிபடவில்லை. ஒரு மணித்தியாலம் மூன்று பேரும் பார்லியைப் போட்டு மூடிய கிடாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

பாலச்சந்திரன் இனிப்புத் தண்ணீரை இறக்கி, ஆறவிட்டு, மிதவையை விட்டார்.

ஆயிரத்து முப்பத்திரண்டு.

"எங்கட மூண்டு பேரின்ர கண்ணுக்கு முன்னால!" என்றாள் சுலோஜனா. "அண்ணை, கரண்டி வழக்கே திறம்."

பாலச்சந்திரன் தோய்க்கிற மெஷின்மேல் உட்கார்ந்தார். தோள் இரண்டும் இறங்கிவிட்டன. "அப்ப ரகசியம்தான். ஆறு மணியில ஏதோ போட்டிருக்கிறார். அது தெரியாமல் நான் அவரிட்டப் போகேலாது."

அப்போது கதவு திறந்தது. உடுப்புக் கூடையோடு ஃபிராவ் கெர்பர். எழுபது வயதிருக்கும். மூன்று பேரையும், கிடாரத்தையும், அட்டவணையையும் பார்த்தார்.

"சனிக்கிழமை இவருடைய நாள். தெரியும். நான் சும்மா வந்தேன்," என்றார் ஜெர்மன் மொழியில்.

பத்மநாதன் தன் சிறந்த ஜெர்மனை எடுத்தார். "மணத்தைப் பற்றி முறையிடவா, அம்மணி?"

"முறையிட என்ன இருக்கிறது? இப்போது மணமே இல்லை. ரூடி இருந்தபோது மூன்றாம் மாடி வரை பாண் சுடுகிற போறணை அடுப்பு மாதிரி மணக்கும். நான் துண்டு ஒட்டுவேன், அவர் பதில் துண்டு ஒட்டுவார். இப்போது ஒட்டினாலும் பதில் வருவதில்லை."

பாலச்சந்திரன் தலை நிமிர்ந்தார்.

"ரூடி ஆறு மணிக்கு இங்கே வருவாராமே. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் பத்மநாதன்.

"பார்க்காமல்? அந்த மனிதரின் செருப்புச் சத்தம் கட்டிடத்தையே எழுப்பும். என்ன சதி என்று இரண்டு தரம் இறங்கி வந்து பார்த்தேன்."

மூன்று தமிழர்களும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள்.

"என்ன போட்டார்?"

"ஒன்றும் இல்லை. மூட்டையைப் பிரித்தார், பார்லியை மெஷினில் உடைத்தார், கிடாரத்தில் கொட்டினார், கிளறினார். இரண்டு நிமிஷ வேலை. மிச்ச நேரம் ரேடியோ கேட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தார். எதற்கு இவ்வளவு முன்னதாக என்று கேட்டேன். 'பாலா எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிடுவான்' என்றார்."

ஃபிராவ் கெர்பர் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, தோய்க்க வந்த உடுப்பைத் தோய்க்காமலே மேலே போனார்.

பத்மநாதன் கண்ணை மூடினார். ஒருவன் இரண்டு நிமிஷ வேலைக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் வருகிறான். ஏன்? இன்னொருவன் அந்த வேலையைத் தொடக்கூடாது என்பதற்காக. இன்னொருவன் தொட்டால் என்ன நடக்கும்?

"தம்பி, ரூடியின்ர கொப்பி எங்க?"

"மேல. ஆனால் பிரயோசனமில்லை அண்ணை. அந்தக் கையெழுத்து ஒருத்தருக்கும் விளங்காது. கடைசிப் பக்கங்களில இருக்கிற இலக்கம் மட்டும்தான் நான் பாக்கிறது."

"ஒருத்தருக்கும் விளங்காத கையெழுத்தோ?" சுலோஜனா கை துடைத்தாள். "இருபத்திரண்டு வருசமா என்ன வாசிக்கிறன் எண்டு நினைச்சீர்? கொண்டு வாரும்."

பாலச்சந்திரன் எழுந்தார். எழும்போது கழுவின தண்ணீர் இருந்த வாளியையும் தூக்கினார்.

"அது எங்க போகுது?" என்று கேட்டார் பத்மநாதன்.

"கறிவேப்பிலைக்கு அண்ணை. அரிசி கழுவின தண்ணி ஊத்திற மாதிரித்தான்."

மேலே போய்ப் பார்த்தால், சமையலறை ஜன்னலடியில் நின்றது கறிவேப்பிலையா மாமரமா என்று சந்தேகம் வந்தது. கார்த்திகைக் குளிரில், பனிமூட்டத்தில், சூரியனைக் கண்டு பத்து நாளான ஊரில், அது கூரையை முட்டிக்கொண்டு, இன்னொரு மாடி கட்டித் தா என்று கேட்கிற மாதிரி நின்றது. சாடி மண்ணின்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு.

பத்மநாதன் வாளியைக் கீழே வைக்கச் சொன்னார். மேல் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றினார். அடியில் நாலு விரல் கனத்துக்கு வெள்ளைக் களி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். வழுவழுவென்று மா.

சாடியின் பொருக்கையும் கிள்ளிப் பார்த்தார், அதே மா.

"சுலோ," என்றார், "வாசி."

அவள் ரூடியின் கொப்பியின் முதல் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்திருந்தாள். "பதினொரு வருசத்துக்கு முந்தின திகதி. முதல் காய்ச்சல். இலக்கம்..." நிறுத்தினாள். "ஆயிரத்து முப்பத்திரண்டு."

"அது ரூடியோட காய்ச்சினது!" என்றார் பாலச்சந்திரன்.

"கீழ எழுதியிருக்கிறார். 'பாலா பார்லியைக் கழுவினான். நாலு தரம். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கழுவினான். சொல்ல மனம் வரவில்லை. அடுத்த தரம் நான் ஆறு மணிக்கு இறங்க வேண்டும்.'"

பாலச்சந்திரன் குனிந்து வாளியின் அடியைப் பார்த்தார்.

"கழுவாமல் எப்பிடி அக்கா சமைக்கிறது?" என்றார் பாலச்சந்திரன் மெதுவாக.

"நானும் இன்னொருக்கா அலசச் சொன்னனானே!" சுலோஜனா தலையில் கை வைத்தாள். "அண்ணை, நீங்கள் கொப்பியில என்ன எழுதினனீங்கள்?"

பத்மநாதன் தன் கொப்பியை மூடிச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். களவு நடந்த நேரம், இடம், ஆள், எல்லாம் அவருடைய மூக்குக்கு முன்னால். உலகத்தில் எந்தத் துப்பறிகிறவனும் கள்ளனைத் துப்புரவுக்காகப் பாராட்டியிருக்க மாட்டான்.

"அரிசியை உடைக்காமல் முழுசாக் கழுவிறம், ஊத்தை போகும். இதை உடைச்சுப்போட்டுக் கழுவினால் மா போகும்," என்றார். "இனிப்பாக வேண்டியது முழுக்கச் சாடிக்குள்ள. ரகசியம் என்னவெண்டால் தம்பி, அந்த ஆறு மணியில ரூடி ஒண்டுமே செய்யேல்லை. கழுவேல்லை. அவ்வளவுதான்."

பாலச்சந்திரன் கொப்பியின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொரு வருசம் அண்ணை. நம்பேல்லை எண்டெல்லோ நான் நினைச்சன்."

நிலவறையில் கடைசி மூட்டை ஐந்து கிலோ மிச்சம் இருந்தது; எல்லோரும் திரும்பக் கீழே இறங்க, பாலச்சந்திரன் அதைப் பிரித்தார். உடைத்தார். வாளியடிக்குப் பழக்கத்தில் போன கையைச் சுலோஜனா பிடித்து இழுத்தாள். கழுவாமல் கொட்டும்போது அவர் முகம், செருப்போடு கோயிலுக்குள் போகிறவன் முகம் மாதிரி இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் மணம் எழும்பியது. மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

மிதவை நின்ற இடம்: ஆயிரத்து ஐம்பது.

காய்ச்சுகிற நாளில் சூட்டோடு ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் இனிப்புத் தண்ணீர் குடிப்பது ரூடிக்கும் பாலச்சந்திரனுக்கும் வழக்கம். அதைச் சுடுதண்ணி ஃபிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு, பின்னேரம் நாலு மணிக்கு மூவரும் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள்.

ரூடி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய நாற்காலி. பாலச்சந்திரன் ஒன்றும் பேசாமல் கிளாஸில் ஊற்றி நீட்டினார். கிழவர் மணந்தார். ஒரு வாய். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய்.

"கழுவவில்லை," என்றார்.

"இல்லை."

"யார் சொன்னது?"

"நீங்கள்தான். முதல் பக்கத்தில்."

ரூடி கிளாஸைப் பார்த்தார். "போன தரம் ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது, பாலா. பதினொரு வருஷம் சொல்லாமல் இருந்ததை ஃபோனிலா சொல்வது? நீ ஃபோன் அடித்தாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்து ஓய்ந்ததும், ஏன் நேரில் வரவில்லை என்று உன்மேல் கோபப்பட்டேன்."

"நீங்கள் எடுக்கவில்லை என்று நான்..."

"ஆமாம். இரண்டு மடையர்கள்." கிழவர் திடீரென்று மேசையைத் தட்டினார். "நூற்றுமுப்பது சனிக்கிழமை! நூற்றுமுப்பது மணித்தியாலம் என் நித்திரையை விட்டிருக்கிறேன்! அடுத்த தரம் என்னை ஏழு மணிக்கு வந்து கூட்டிப்போ. ஆறுக்கு வந்தால் கதவு திறக்க மாட்டேன்."

பாலச்சந்திரன் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை, மூக்கைத்தான் துடைத்தார். இன்னொரு கிளாஸை எடுத்துத் தனக்கும் ஊற்றிக்கொண்டார்.

பத்மநாதனும் சுலோஜனாவும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். பனிமூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. திரும்பும் வழியிலும் சுலோஜனா முன்னால் போகிறவனின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள்.

பத்மநாதன் எம்மன்புரூக்கேயில் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது ஐந்தரை. காலையில் விட்டுப்போன கோப்பை அதே இடத்தில். ஒரு ஆளுக்கு அளவாக அரைச் சுண்டு அரிசியை எடுத்துத் தண்ணீர் விட்டார். வெள்ளையாகக் கலங்கியது. கலங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் மனோகரி. ஃபோன் கையில்தான் இருந்திருக்கிறது.

"என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லை. நீர் அரிசி எத்தினை தரம் கழுவுறனீர்?"

"மூண்டு தரம். ஏன், நீங்கள் ரெண்டோட விட்டிடுறியளோ?"

"தெரியேல்லை," என்றார் பத்மநாதன். "நீர் வந்து பாத்துச் சொல்லும்."